பைக்கின் முன் ஃபோர்க்: ஏற்காடு ஏறி இறங்கத் தயார் செய்வது எப்படி

சேலத்துக்குள் ஓடும்வரை முன் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் இரண்டு கால்களில், இருக்கும் கோளாறு பெரிதாக வெளியே தெரியாது. அடிவாரம் தாண்டி மலை ஏறி, திரும்ப இறங்கும்போதுதான் எல்லாம் தெரிய வரும். 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடிக்கிறோம். சரிவே பாரத்தை முன்னால் தள்ளியிருக்கும், பிரேக் இன்னும் தள்ளும். அந்த நேரத்தில் ஃபோர்க் அடிவரை அமுங்கி ‘டக்’கென்று இடிக்கும், அல்லது அமுங்கியது மேலே வராமல் அங்கேயே பிடித்து நிற்கும். இரண்டுமே வளைவுக்குள் வண்டி நாம் நினைத்த பக்கம் திரும்பாமல் போகக் காரணம்.

பட்டறையில் இதைச் சொன்னால் உடனே வரும் பதில், “ஸ்பிரிங் போச்சு, மாத்திடலாம்.” ஸ்பிரிங் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற பொருள் இல்லை. பெரும்பாலும் கோளாறு மூன்றில் ஒன்றாக இருக்கும்: எங்கோ ஆட்டம், எங்கோ பிடிப்பு, அல்லது ஆயில் அளவில் தப்பு. பார்க்க வேண்டிய வரிசையும் இதுதான். ஆட்டம் இருக்கிற வண்டியில் ஆயிலை மாற்றினால் பலன் தெரியாது. பிடிக்கிற ஃபோர்க்கில் ஸ்பிரிங்கை இறுக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இங்கே சொல்வது சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்கு, அதாவது குரோம் பைப் மேலேயும் அலுமினியக் குழாய் கீழேயும் இருக்கும் வகைக்கு. 100 சிசி வண்டியிலிருந்து 350 சிசி வரை பெரும்பாலும் இதுதான் வருகிறது. பைப் கீழேயும் தடித்த குழாய் மேலேயும் இருக்கும் தலைகீழ் ஃபோர்க்குக்குச் சோதனைகள் பொருந்தும், பிரிக்கும் வேலை பொருந்தாது. அதைப் பிரிக்கத் தனி டூல் வேண்டும். ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் சீலும் அடியில் இருப்பதால் கசிந்தால் ஆயில் நேராக பிரேக் பக்கம்தான் இறங்கும். அந்த வகையில் கசிவைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் ஆட்டம்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்குப் பின்னால் பேடாக் ஸ்டாண்ட், முன்னால் இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்த ஜாக்கி. ஃபோர்க்கின் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ‘லொட்’ என்று ஒரு அசைவு கைக்குத் தெரிந்தால் ஆட்டம் இருக்கிறது.

அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் அசையுங்கள். உடனிருப்பவர் மூன்று இடங்களில் விரல் வைத்துப் பார்க்கட்டும். கீழ் டி-யும் (இரண்டு பைப்பையும் கவ்விப் பிடிக்கும் கீழ்ப் பிடிப்பான்; மேலே இருப்பது மேல் டி) சேஸிஸ் தலையும் சேருகிற இடுக்கில் அசைவு தெரிந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங். குரோம் பைப் டஸ்ட் சீலுக்குள் (தூசி தடுக்கும் வெளி ரப்பர் வளையம்) நுழையும் இடத்தில் தெரிந்தால் ஃபோர்க் புஷ், அதாவது பைப் வழுக்கி ஓடும் உள்வளையம், தேய்ந்திருக்கிறது. இரண்டிலும் இல்லாமல் காலிபரில் (டிஸ்கைக் கவ்வும் பிரேக் பாகம்) மட்டும் சின்ன ‘டிக்’ என்று வந்தால் அது பிரேக் பேட் அசைவது, பயப்பட ஒன்றுமில்லை. மூன்றுக்கும் ஓட்டும்போது கேட்கும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். விரல் வைத்துப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் நம்பி கோன் செட்டை மாற்றினால் காசு வீண்.

கோன் செட் லூஸாக இருந்தால் மேல் நட்டைத் தளர்த்தி, அடியில் இருக்கும் வெட்டு நட்டை (சுற்றிலும் காடி வெட்டியது) கொக்கி முனையுள்ள சி-ஸ்பேனரால் ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் இறுக்குங்கள். சக்கரம் தூக்கிய நிலையில் ஹேண்டில் பாரை நடுவில் வைத்து லேசாகத் தட்டினால், அது தன் பாரத்திலேயே இரண்டு பக்கமும் கடைசிவரை விழ வேண்டும். பாதியில் நின்றால் இறுக்கம் அதிகம். இறுக்கமான கோன் செட் லூஸானதைவிட ஆபத்து: மெதுவாக ஓட்டும்போது வண்டி இப்படியும் அப்படியும் அலையும், கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் நம் கைக்கு இணங்காது. நேராக வைக்கும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து உட்காருவதுபோல் கைக்குத் தெரிந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகள் பதிந்து தடம் விழுந்துவிட்டது. எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் அது சரியாகாது, முழு செட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

பிடிப்பு: கண்ணுக்குத் தெரியாத கோளாறு

ஃபோர்க்கில் எவ்வளவு உராய்வு இருக்கிறது என்று அளந்துவிடலாம். ஒரு டேப் போதும். சக்கரத்தைத் தூக்கி, டஸ்ட் சீல் மேல்விளிம்பிலிருந்து கீழ் டி-யின் அடிவரை வெளியே தெரியும் குரோம் பைப்பின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஓட்டுகிற உடையோடு, ஹெல்மெட்டோடு ஏறி உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் முன்பக்கத்தை அமுக்கி மெல்ல விடட்டும். தானாக வந்து நின்ற இடத்தில் அளந்தால் 110. அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி மெல்ல இறக்கி அளந்தால் 118. பிரேக்கைத் தொடவே கூடாது.

இரண்டு அளவும் ஒன்றாக வராது. நடுவில் இருக்கும் 8 மி.மீ.தான் உராய்வு. 10-க்குள் இருந்தால் நல்ல ஃபோர்க். 15-ஐத் தாண்டினால் எங்கோ பிடிக்கிறது. அப்படிப்பட்ட ஃபோர்க் சின்னச் சின்ன மேடுகளை வாங்கிக்கொள்ளாது, கைக்குக் கடத்திவிடும். “ஷாக் கல்லு மாதிரி இருக்கு” என்று சொல்லப்படும் வண்டிகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிடிப்புக்கு முதல் காரணம் சக்கரத்தை மாட்டிய விதம். பங்ச்சர் போட்ட பிறகு ஆக்சில் நட்டையும் அடிப்பக்க பிஞ்ச் போல்ட்டையும் (ஃபோர்க் கால் ஆக்சிலைக் கவ்வ வைக்கும் போல்ட்) ஒரே மூச்சில் இறுக்கிவிடுவார்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று இழுத்தபடியோ தள்ளியபடியோ நின்றுவிடும். சரியான முறை இது: ஆக்சில் நட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவுக்கு) இறுக்குங்கள். பிஞ்ச் போல்ட்டை லூஸாகவே விடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை ஐந்தாறு முறை நன்றாக அமுக்குங்கள். கால்கள் தங்களுக்கு வேண்டிய இடத்தில் வந்து உட்காரும். அதற்குப் பிறகு பிஞ்ச் போல்ட். மட்கார்டு போல்ட்டுகளும் இதே வரிசையில், கடைசியாகத்தான். இதை மட்டும் செய்து 15 மி.மீ. உராய்வு பாதியாகக் குறையும் வண்டிகள் நிறைய உண்டு, செலவில்லாத வேலை.

வண்டி கீழே விழுந்த பிறகு சக்கரம் நேராக இருந்தும் ஹேண்டில் கோணலாக நின்றால், பைப் வளைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். டி-க்குள் பைப் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆக்சில், மட்கார்டு, கீழ் டி, மேல் டி போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்து ஹேண்டிலைத் திருப்பி நேராக்கி மறுபடி இறுக்குங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் பைப்பைக் கழற்றி, தடித்த கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைந்தால் வளைவு இருக்கிறது. பல மேனுவல்களில் 0.2 மி.மீ.தான் எல்லை. லேத்தில் கொடுத்து நிமிர்த்தலாம் என்று சொல்வார்கள். மலைப்பாதைக்குப் போகிற வண்டிக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த பைப் அடுத்த அடிக்கு அதே இடத்தில் சீக்கிரம் வளையும். அந்த இடத்தில் குரோமும் விண்டிருக்கும்.

ஆயில் சீல்

பைப்பில் ஆயில் வளையம் தெரிந்தால் சீல் கசிகிறது. ஆனால் கசிகிற சீல் எல்லாம் கிழிந்த சீல் இல்லை. சேலத்தை ஒட்டிய மாமாங்கம், கருப்பூர் பக்கம் தினமும் போய் வருகிற வண்டிகளில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூசி டஸ்ட் சீலுக்கு அடியில் மாவுபோல் படிந்திருக்கும். அதில் ஒரு துகள் சீல் உதட்டுக்கு அடியில் மாட்டினாலே ஆயில் வழியும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரை நேராக சீல் மேல் அடிப்பதும் அதே தூசியை உள்ளே தள்ளும்.

சீலை மாற்றும் முன் சுத்தம் செய்து பாருங்கள். டஸ்ட் சீலைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்பி மேலே தள்ளுங்கள். உள்ளே இருப்பதைத் துணியால் துடையுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நுனியில் சின்னக் கொக்கி போல் வெட்டிக்கொள்ளுங்கள். அதைப் பைப்புக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே நுழைத்துப் பைப்பைச் சுற்றி ஒரு வட்டம் கொண்டுவந்து வெளியே இழுங்கள். கருப்பாகவோ வெள்ளையாகவோ அழுக்கு ஒட்டி வரும். துடைத்துவிட்டு, அழுக்கு வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பைப்பைத் துடைத்து 50 கி.மீ. ஓட்டிய பிறகும் வறண்டிருந்தால் வேலை முடிந்தது.

மறுபடி கசிந்தால் குரோமைப் பாருங்கள். விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே துரு குழி பறித்திருக்கிறது. அந்த இடம் சீலுக்குள் போய் வருகிற பகுதியாக இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் சில வாரம்தான். டி-க்கு ஒட்டி மேலே இருக்கும் துரு பார்க்க அசிங்கமே தவிர சீலைத் தொடாது. ஆயில் காலிபர்வரை வழிந்திருந்தால் பிரேக் பேடைத் துடைத்துப் போடாதீர்கள். பேட் ஆயிலைக் குடித்துவிடும், சூடானதும் பிடிப்பு போய்விடும். புதுப் பேட் போட்டு, டிஸ்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள்.

ஆயில் மாற்றுவது

மலைக்கு அடிக்கடி போகிற வண்டியில் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பழைய ஆயில் சாம்பல் நிறத்தில், கருகிய வாசனையோடு வரும். அந்தச் சாம்பல் புஷ் தேய்ந்த தூள்.

முன்சக்கரம் தூக்கியிருக்கட்டும். பைப் மேல் டி-யிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் அளந்து எழுதுங்கள். திரும்ப மாட்டும்போது இரண்டு பக்கமும் அதே அளவு வர வேண்டும், 5 மி.மீ. மாறினாலும் திருப்பும் சுபாவம் மாறும். மேல் டி போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பைப் இன்னும் கீழ் டி-யில் பிடிபட்டிருக்கும்போதே மேல் மூடியை அரைச் சுற்று லூஸ் செய்யுங்கள். கழற்றிய பிறகு தனிப் பைப்பைப் பிடித்துக்கொண்டு மூடியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிபரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஏ.பி.எஸ். சென்சார் வயரையும் கிளிப்பிலிருந்து விடுவித்துவிடுங்கள். பிறகு கீழ் டி போல்ட்டையும் தளர்த்தி, ஃபோர்க் கால்களைக் கீழே உருவி எடுங்கள்.

மூடியை முழுக்கத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தள்ளும். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுற்று மேலேயா கீழேயா என்று பார்த்து வையுங்கள். பழைய ஆயிலை வெளியே ஊற்றிவிட்டு, தலைகீழாகப் பிடித்துப் பத்து முறை அடித்து, அரைமணி நேரம் அப்படியே சாய்த்து வையுங்கள். சீல் மாற்றுவதாக இருந்தால் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அது உள்ளே இருக்கும் டேம்பர் ராடோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், கழலாது. ஸ்பிரிங்கை உள்ளே வைத்து மூடியைப் பூட்டி, ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்தபடி கழற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். அந்த போல்ட்டின் காப்பர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழசைப் போட்டால் அடியில் சொட்டும், சீல்தான் கசிகிறது என்று மறுபடி பிரிக்கப் போவீர்கள்.

புது சீலின் உதட்டில் ஃபோர்க் ஆயில் தடவி, பைப் முனையில் மெல்லிய பாலிதீன் பையைச் சுற்றி அதன் மேல் வழுக்கி இறக்குங்கள். பைப் விளிம்பு சீலை வெட்டாமல் இருக்கத்தான் இது. பழைய சீலை மேலே வைத்து, அளவான பிவிசி பைப்பால் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வையுங்கள். லாக் கம்பி தன் காடியில் முழுசாக விழுந்துவிட்டதா என்று பாருங்கள். ஒரு காலில் மட்டும் கசிந்திருந்தாலும் இரண்டிலும் சீல் மாற்றுங்கள்.

அடுத்து அளவு. வேலையிலேயே அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். மேனுவலில் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும்: முழுக்கப் பிரித்துத் துடைத்த ஃபோர்க்குக்கு ஒன்று, ஆயிலை மட்டும் வடித்ததற்கு அதைவிடக் குறைவாக ஒன்று. வடித்த ஃபோர்க்கில் கொஞ்சம் பழைய ஆயில் உள்ளேயே தங்கியிருக்கும். அதன் மேல் முழுக் கணக்கை ஊற்றினால், மேலே காற்றுக்கு இருக்க வேண்டிய இடம் சுருங்கிவிடும். அந்தக் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான், ஃபோர்க் அமுங்க அமுங்க அதுவும் இறுகும். இடம் குறைந்தால் கடைசிப் பகுதி கல்லாகிவிடும், அழுத்தம் தாங்காமல் சீலும் சீக்கிரம் போகும்.

எவ்வளவு நுணுக்கம் என்றால், உள்விட்டம் 37 மி.மீ. இருக்கும் பைப்பில் 10 மி.மீ. உயர வித்தியாசம் வெறும் 10.75 மில்லி. இரண்டு தேக்கரண்டி. அதனால் மில்லி கணக்கில் ஊற்றிவிட்டு அதோடு நிறுத்தாமல் உயரத்தை அளந்து முடியுங்கள். ஆயில் ஊற்றி, காற்றுக் குமிழி போக மெல்லப் பத்துப் பன்னிரண்டு முறை அடித்து, பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஸ்பிரிங் இல்லாமல் பைப்பை முழுக்க அமுக்கி நேராக நிறுத்தி, பைப் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை அளவு பாருங்கள். எளிய கருவி ஒன்று: மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்சும் சலைன் டியூபும் வாங்கி, டியூபை ஒரு ஸ்கேலோடு சேர்த்துக் கட்டுங்கள். மேனுவல் 100 மி.மீ. என்றால் டியூப் முனை விளிம்புக்குக் கீழே சரியாக 100-இல் நிற்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டு, சிரிஞ்சை இழுங்கள். ஆயில் நின்று காற்று வரத் தொடங்கும்போது மட்டம் சரி. இரண்டு காலுக்கும் ஒரே டியூப், ஒரே அளவு.

எந்த ஆயில்? மேனுவல் சொல்லும் கிரேடு, பெரும்பாலும் 10 டபிள்யூ. ஒரு கம்பெனியின் 10 டபிள்யூவும் இன்னொன்றின் 10 டபிள்யூவும் ஒரே தடிமன் இல்லை. டேட்டா ஷீட்டில் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயில் தடிமனின் அலகு) என்று பார்த்து ஒப்பிடுங்கள். மீந்துபோன 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மேனுவலே சொல்லாதவரை வேண்டாம். 40 டிகிரியில் அது வழக்கமான 10 டபிள்யூ ஃபோர்க் ஆயிலைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிமன். மே மாதச் சேலத்து வெயிலில் அது சமாளிக்கிறதுபோல் தெரியும். டிசம்பர் விடியலில் ஏற்காட்டில் 15 டிகிரிக்கும் கீழ் இறங்கும்போது ஃபோர்க் அசையவே யோசிக்கும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன் முன் பிரேக் லீவரை இறுகும்வரை அடியுங்கள். முதல் இரண்டு மூன்று அடிக்கு பிரேக் இருக்காது.

ஆள் ஏறினால் எவ்வளவு உட்கார வேண்டும்

மேலே எடுத்த அளவே போதும். 110-க்கும் 118-க்கும் நடு 114. 150-இலிருந்து கழித்தால் 36 மி.மீ. ரோட்டில் ஓடும் வண்டிக்கு மொத்த ஓட்டத்தில் (ஃபோர்க் முழுக்க அமுங்கக்கூடிய தூரம்) 25 முதல் 30 சதவீதம் உட்காருவது சரி. இப்போதைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் முன் ஓட்டம் 130 மி.மீ., ஆக 33-இலிருந்து 39. அதைவிட அதிகம் உட்கார்ந்தால் மூடிக்கு அடியில் இருக்கும் ஸ்பேசரை 5 மி.மீ. நீளமாக்குங்கள். தடித்த பிவிசி பைப்பில் வெட்டி, இரண்டு முனையையும் சதுரமாகத் தேய்த்து, மேலும் கீழும் வாஷர் வைக்கலாம். இதனால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டி நிற்கும் உயரம் மட்டும் மாறும். அடிவரை இடிக்கிற கோளாறை ஸ்பேசரால் சரிசெய்யப் பார்ப்பது அதனால்தான் பலிப்பதில்லை. அதற்கு ஆயில் மட்டத்தைத் தொட வேண்டும். ஸ்பிரிங்கின் தனி நீளம் மேனுவல் எல்லைக்குக் கீழே போயிருந்தால் மட்டும் புது ஸ்பிரிங்.

பின்னால் ஆளும் பையும் வைத்து ஏற்காடு போகிறவர்கள் பின் ஷாக்கை இரண்டு நாட்ச் ஏற்றிக்கொள்ளுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் லேசாகி, ஏறும்போது கொண்டை ஊசியில் வண்டி அகலமாகப் போகும். முன் ஃபோர்க்கில் என்ன செய்தாலும் அது தீராது.

டயர் காற்றை மலைக்கென்று குறைக்க வேண்டாம். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மேலே கேஜ் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். குளிர் 10 டிகிரி கூடினால் ஒன்றுக்கு மேல் குறையும். இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துவிடும். டயர் ஆறியிருக்கும்போது வீட்டிலேயே ஸ்டிக்கரில் உள்ள அளவு பிடித்தால் போதும்.

சாலையில் பார்ப்பது

குரோம் பைப்பைச் சுற்றி மெல்லிய கேபிள் டை ஒன்றைக் கட்டுங்கள், கையால் தள்ளினால் நகரும் அளவு இறுக்கம். கீழே டஸ்ட் சீலைத் தொடும்வரை இறக்கிவிடுங்கள். ஃபோர்க் அமுங்கும்போது சீல் அதை மேலே தள்ளும், திரும்பி வரும்போது டை அங்கேயே நின்றுவிடும்.

முதலில் சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஒரு சுற்று. இணைப்புப் பட்டைகளைத் தாண்டும்போது ஒவ்வொன்றும் கையில் சுத்தியல் அடிபோல் தெரிந்தால் பிடிப்பையும் ஆயில் தடிமனையும் பாருங்கள். அடுத்தடுத்து வரும் வேகத்தடைக் கோடுகளில் முன்பக்கம் போகப் போகத் தாழ்ந்து கடினமானால் ஆயில் தடிமன் அதிகம். ஒரு மேட்டுக்குப் பிறகு முன்பக்கம் இரண்டு மூன்று முறை எழும்பி விழுந்தால் ஆயில் நீர்த்துவிட்டது.

பிறகு மலை. ஏறும்போது டை பெரிதாக நகராது. மேலே போனதும் மறுபடி சீல்வரை இறக்கிவிட்டு, வழக்கமாக இறங்குவதுபோல் இறங்குங்கள், சோதனைக்கென்று கூடுதல் வேகம் வேண்டாம். அடிவாரத்தில் நிறுத்தி, சக்கரத்தைத் தூக்கி, சீலிலிருந்து டைவரை அளந்தால் ஃபோர்க் அதிகபட்சம் எவ்வளவு வேலை செய்தது என்று தெரியும். 130 மி.மீ. ஓட்டத்தில் 105 முதல் 120 நல்லது. 130-ம் தீர்ந்து இடித்திருந்தால், உட்காரும் அளவு சரியாக இருக்கும்பட்சத்தில், ஒவ்வொரு காலிலும் 5 மில்லி ஆயில் கூட்டி மறுபடி பாருங்கள். 80-லேயே நின்றுவிட்டால் ஆயிலைத் தொடும் முன் பிடிப்பை இன்னொரு முறை அளங்கள்.

அளந்து முடிந்ததும் டையை நெயில் கட்டரால் வெட்டி எடுங்கள். பிளேடோ கத்தியோ வைத்தால் குரோமில் கீறல் விழும், அடுத்த கசிவு அந்தக் கீறலில்தான் ஆரம்பிக்கும்.